இரண்டு கள்ளர்களும் ஒரு பைக்கும்

நாயை மலைக்குக் கூட்டிவந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்த பையனின் குதிகாலை அது கவ்விவிட்டது. சின்னக் கீறல்தான், ஆனாலும் பையனுக்கு ஊசிகள் போட வேண்டியிருந்தது. "ஒரு மாசத்துல நாய அனுப்பிடுங்க" என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. மேய்ச்சல் நாய்க்கு அடுக்ககம்தான் பிரச்சினை என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, கொல்லிமலை தேவனூர் நாட்டில் நண்பன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டாம் நாளே ஒரு சுற்றுலாப் பயணியின் பைக்கைத் துரத்தி, ஆளைக் கீழே தள்ளப் பார்த்தது.

அன்று இரவு எனக்குக் கோவிவன் நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு, வட்டெழுத்து. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்திக்கான கல் அது. ஆனால் கல்வெட்டு அவனோடு நிற்கவில்லை. கோவிவன் என்ற அவன் நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதையும் சொல்கிறது. நாயும் கல்லில் இருக்கிறது. ஊர்பேர் தெரியாத எத்தனையோ மனிதர்கள் மண்ணோடு போன காலத்தில், ஒரு நாய்க்குப் பெயரோடு இடம்!

எல்லோரும் இதை நன்றியின் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு இப்போது அது கடியின் கதை. கோவிவன் செய்ததும் என் நாய் செய்ததும் பல்லின் கணக்கில் ஒன்றுதான். அங்கே நடுகல், இங்கே சங்கத்தின் கெடு.

ஆனால் ஒன்று. கோவிவனுடையது காவல். நம் பட்டி நாய்களுடைய வேலையும் அதுதான்: அந்நியனைக் கண்டால் குரைப்பது, மீறினால் கடிப்பது. என்னுடையது பார்டர் கோலி, மந்தையை ஓட்டுகிற சாதி. 1893-இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த வகையின் மூதாதை என்பார்கள். குரைக்காமல், பார்வையாலேயே ஆடுகளை நகர்த்துமாம். ஓநாயின் வேட்டையில் ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார், பதுங்கு, துரத்து, கவ்வு, கொல். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த மேய்ப்பர்கள் முதல் மூன்றை வைத்துக்கொண்டு கடைசி இரண்டை மங்கச் செய்தார்கள். அழிக்கவில்லை, மங்கத்தான் செய்தார்கள். ஆடே இல்லாத இடத்தில் ஓடுகிற எதுவும் ஆடுதான். சைக்கிள், குழந்தை, பைக். ஒவ்வொரு துரத்தலும் அதற்கு ஒரு பரிசு வேறு: துரத்தினால் பைக் போய்விடுகிறதே! மலையில் அவிழ்த்துவிட்டு நான் கொடுத்தது ஓய்வு இல்லை, பயிற்சி.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆடு வளர்க்கிறவர். நான் கழியை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"அடிக்காத தம்பி. அடிச்சா உறுமறத விட்டுரும், கடிக்கறத விடாது."

"அப்புறம் என்னங்கய்யா பண்றது?"

"வண்டி கிட்ட வந்தப்புறம் கூப்புட்டா அதுக்குக் காது கேக்காது. அதுக்கு மின்னாடியே கூப்புடணும்."

விலங்கு நடத்தைப் புத்தகங்கள் பத்திப் பத்தியாக எழுதுவதும் இதைத்தான். பைக்கைப் பார்த்தபிறகும் கையிலிருந்து தின்ன முடிகிற தூரம் ஒன்று உண்டு. அங்கே நிற்க வேண்டும். காது நிமிர்ந்து, உடம்பு தாழ்வதற்குள் பெயர் சொல்லி அழைத்துத் தீனி தர வேண்டும். தின்ன மறுத்தால் நாய்மீது குற்றமில்லை, நாம் கிட்டே போய்விட்டோம்.

இப்போது கயிறில்லாமல் வெளியே விடுவதில்லை. வாய்க்கூடும் பழக்குகிறேன். கேழ்வரகுக் களியைச் சின்னச் சின்னதாக உருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பலா மரத்தடியில் உட்கார்கிறோம். அங்கிருந்து சாலைக்கு 40 தப்படி. முதல் வாரம் அதற்கு உள்ளே ஒரு அடி வைக்க முடியவில்லை. இன்று காலை 31-இல் உட்கார்ந்திருந்தோம். பால்காரர் வண்டி போனது. பார்த்தது, உடம்பு விறைத்தது, பிறகு திரும்பி என் கையைப் பார்த்தது. கெடு முடிய இன்னும் 11 நாள்.