'புனித நெடுஞ்சாலை' ஐ-35: ஒரு ரோடு எப்படி நம்பிக்கையின் அடையாளமானது?

லாரியும் காரும் ஓடுகிற சாதாரண நெடுஞ்சாலைதான். ஆனால், அமெரிக்க கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினர் ஐ-35 சாலையை 'புனித நெடுஞ்சாலை' என்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு அதில்?

எங்கே இருக்கிறது?

மெக்சிகோ எல்லையை ஒட்டிய லரேடோவில் தொடங்கி, வடக்கே டுலூத் வரை 6 மாகாணங்கள் வழியாக சுமார் 2,500 கி.மீ. நீள்கிறது. ஆஸ்டின், டல்லாஸ், மினியாபொலிஸ் எல்லாம் இதன் வழியில்தான்.

பைபிளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மீட்கப்பட்டவர்கள் சீயோனுக்குத் திரும்பும் பரிசுத்த வழி பற்றி ஏசாயா 35:8 பேசுகிறது. அதிகாரமும் 35, சாலையும் 35. இது தற்செயல் இல்லை என்பது இவர்களின் நம்பிக்கை. 2007-ல் சாலையோரமாக 35 நாட்கள் தொடர் ஜெபம் நடத்தினார்கள். சிலர் மதுக்கூடங்கள் முன்பு நின்றும் ஜெபித்தார்கள்.

35 என்ற எண் எப்படி வந்தது?

அதிகாரிகள் போட்ட கணக்குதான். 1950-களில் வகுத்த விதிப்படி, வடக்கு தெற்காகப் போகும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். மேற்குக் கரையில் ஐ-5, கிழக்கில் ஐ-95, நடுவில் ஐ-35.

பைபிளை இன்றைய அதிகாரங்களாகப் பிரித்ததும் 13-ம் நூற்றாண்டில்தான். ஏசாயா காலத்தில் அந்த எண்ணே கிடையாது.

சாத்தான் சாலையும் உண்டு

எண்ணைப் பார்த்து பயந்த கதையும் இருக்கு. 66-ம் எண் சாலையின் 6-வது கிளை என்பதால் ஒரு சாலைக்கு 666 என்று பெயர். பைபிளில் அது மிருகத்தின் எண். பெயர்ப்பலகைகள் அடிக்கடி திருடுபோயின. 2003-ல் அது 491 ஆக மாற்றப்பட்டது.

பாலம் இடிந்தது ஏன்?

2007 ஆகஸ்ட் 1-ம் தேதி மாலை, மினியாபொலிஸில் ஐ-35-ன் கிளைச் சாலைப் பாலம் மிசிசிபி ஆற்றில் சரிந்தது. 13 பேர் பலி, 145 பேர் காயம். இந்த சாலைக்கு ஜெபம் தேவை என்பதற்கு இதுவும் ஓர் அறிகுறி என்றார்கள் நம்பிக்கையாளர்கள்.

விசாரணையில் தெரிந்தது வேறு. உத்தரங்களை இணைக்கும் இரும்புத் தகடுகள், இருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன. 1960-களில் நடந்த வடிவமைப்புத் தவறு அது. பராமரிப்புப் பணிக்காக அன்று பாலத்தில் குவித்திருந்த ஜல்லி, மணலின் பாரமும் சேர்ந்துகொண்டது. 2008 செப்டம்பரில் அதே இடத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது.