ஒரு சிட்டிகை உப்பும் ஒரு பிடி வெல்லமும்

வாந்திபேதி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் ஊரையே காலி செய்து ஓடிய காலம் ஒன்று இருந்தது. அக்கதையை முன்னோர் வாய்க் கேட்ட குடும்பங்கள் நம்மில் பல உள. அந்நோயில் உடம்பின் நீரும் உப்பும் சில மணி நேரத்திற்குள் வெளியேறிவிடுகின்றன. அவ்வறட்சியே பிராணனை வாங்குகின்றது. இழந்த நீரை இரத்தக் குழாய் வழியே மீட்டுத் தரலாமென்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. ஆயின் அதற்கு ஊசியும் பயின்ற கைகளும் வேண்டுமன்றோ? ஏழைக் குடிசைக்கு அவை எங்ஙனம் எய்தும்?

உப்பு நீரோடு சர்க்கரையும் சேருமாயின், பேதியுற்ற குடலும் அவ்விரண்டையும் நீரையும் ஒருங்கே ஈர்த்துக்கொள்ளும். இவ்வுண்மை 1960-களில் தெளிவாயிற்று. எனினும் வைத்தியர் பலர் இதனை நம்பவில்லை. மிக எளிதாயிருந்ததே அதன் குற்றம் போலும்!

1971-இல் கிழக்கு வங்காளத்து யுத்தத்தால் ஏறக்குறைய ஒரு கோடி ஜனங்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையோரத்துப் பன்காவ் நகரில் வாந்திபேதி பரவிற்று. ஆஸ்பத்திரியில் இடமின்றி நோயாளிகள் தரையிற் கிடந்தனர். குழாய் வழி ஏற்றும் மருந்து தீரும் தறுவாயில், டாக்டர் திலீப் மகாலனாபிஸ் துணிந்து ஒன்று செய்தார். லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்னும் கணக்கிற் கலந்து பீப்பாய்களில் நிரப்பினார். அதனைக் கிண்ணங்களில் ஏந்திப் புகட்டியவர் யாவர்? நோயாளியின் தாயும் தமக்கையும் மகனுமே. நூற்றுக்கு 30 அளவிலிருந்த சாவு, இங்ஙனம் பேணப்பட்டோரிடையே 4-க்கும் கீழே இறங்கிற்று.

இதினும் வியப்பானது பின்னர் வங்காள தேசத்தில் நிகழ்ந்தது. பிராக் என்னும் ஸ்தாபனம் 1980 முதல் கிராமப் பெண்களுக்கு இம்முறையை வீடு வீடாகக் கற்பித்தது. தராசும் வேண்டாம், புத்தகமும் வேண்டாம்: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் நீர். போதிக்கச் சென்ற ஸ்திரீகளுக்குச் சம்பளம் எவ்வாறு கணிக்கப்பட்டது தெரியுமா? வேறொருவர் பின்னர் சென்று வினவுங்கால் அத்தாய் எவ்வளவை நினைவிற் கொண்டிருக்கிறாள் என்பதைப் பொறுத்தே! நம் பள்ளிக்கூடங்களுக்கும் இவ்வேற்பாடு வந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணி யாம் நகைத்ததுண்டு.

ஆயினும் பாடத்தை ஒப்புவித்த தாய்மார் பலர், குழந்தைக்குப் பேதி கண்டபோது அதனைச் செய்தாரல்லர். காரணம் ஆராயப்பட்டது. போதித்த பெண்களிற் பலரே தமக்கு நோய் வந்தால் மாத்திரையை நாடினர் என்பது வெளியாயிற்று. மேலும், ஆடவரிடம் ஒருவரும் பேசவில்லை. ஆகவே போதகிகளுக்கு மருந்து வேலை செய்யும் விதம் விளக்கப்பட்டது. தாய்மார் முன்னிலையில் அவர்களே அதனைப் பருகிக் காட்டினர். கடைத்தெருவிலும் பள்ளிவாசலிலும் ஆடவர்க்கும் எடுத்துரைக்கப்பட்டது. 1990-இல் அப்பணி முடிவுற்றபோது 1 கோடியே 20 லக்ஷம் வீடுகளுக்கு மேல் கற்பிக்கப்பட்டிருந்தன.

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் காட்டலாகாது என்னும் பழைய பிடிவாதம் நம் இல்லங்கள் சிலவற்றில் இன்னும் நீங்கிற்றில்லை. நீரை மறுப்பதே அக்குழந்தைக்கு ஆபத்து. இக்காலத்து உப்பு-சர்க்கரைப் பொட்டலம் மருந்துக் கடைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கின்றது. உறையிற் குறித்த அளவு நீரை முழுதும் சேர்த்தே கலக்க வேண்டும். நீர் குறைந்து உப்பு மிகுமாயின் தீங்கு விளையும். வீட்டிற் கலக்க நேர்ந்தால், கண்ணீரைவிட உப்புக் கரிக்கலாகாது. ஒரே மூச்சிற் புகட்டாமல், வாந்தி எடுப்பினும் சிறிது பொறுத்துக் கரண்டி கரண்டியாகத் தருக. தாய்ப்பாலை நிறுத்தற்க. குழந்தை சோர்ந்து குடிக்க மாட்டாத நிலையில் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு எடுத்தேகுக.