பத்து ரொட், ஒரு பரப்பு

டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க, மறுமுனையோடு தோட்டக் காரியதரிசி முழங்கால் உயரப் புல்லுக்குள் இறங்கி நடந்தார். நீளம் 90 அடி, அகலம் 30 அடி. நாலு மூலைக்கும் கட்டை அடித்து, "டென் ரொட்ஸ்" என்று சொல்லி ரசீதைத் தந்தார். வடமேற்கு லண்டனில் ரயில் பாதையோரமாக எண்பது பேர் பிரித்துத் தோட்டம் செய்கிற வளவு அது. பெயரைப் பதிந்து ஆறு வருசம் காத்திருந்து எனக்குக் கிடைத்த அலொட்மென்ட்.

ரொட் என்றால் எவ்வளவு என்று பக்கத்துத் துண்டுக் கிழவரைக் கேட்டேன். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ரொட், போல், பேர்ச் மூன்றும் ஒன்றுதான், பதினாறரை அடி, சதுரமாக எடுத்தாலும் பெயர் அதுதான் என்றார். பேர்ச் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. இலங்கையில் வீட்டுக்காணி விற்கிறவன் இன்றைக்கும் பேர்ச்சில்தானே கணக்குச் சொல்கிறான்? 160 பேர்ச் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தில் தோட்டக்காணி என்றால் 16 பரப்பு ஒரு ஏக்கர் (வயலுக்குக் கணக்கு வேறு, அது 24). ஆகப் பத்து பேர்ச் ஒரு பரப்பு. எவ்வளவு விதை போடலாம் என்பதை வைத்து எங்கள் ஆட்கள் நிலத்தை அளந்த பழைய கணக்கும், இந்தச் சனம் கோலால் அளந்த கணக்கும் ஒரே துண்டில் வந்து நிற்கின்றன.

அன்று இரவே நீர்வேலிக்கு அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன்.

"ஒரு பரப்பிலை நீ என்னத்தை நடப்போறாய்? வெங்காயம் வைச்சாலும் கூலிக்குக் காணாது."

"விக்கேலாது அண்ணை. வீட்டுத் தேவைக்கு மட்டும்தான். சட்டம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "விக்கக்கூடாதெண்டால் பிறகென்னடா தோட்டம்?"

அண்ணை கேட்டதில் பிழையில்லை. எங்கள் வீட்டில் தோட்டம் என்றால் வருமானம். 1970க்குப் பிறகு அரசாங்கம் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் நிறுத்தியபோது நான் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெடியன். ஐயா துலாவை விட்டுவிட்டு இறைக்கிற மெசின் வாங்கியதும், செத்தல் மிளகாய் மூட்டை லொறியில் ஏறியதும் கண்ணில் நிற்கிறது. அந்தக் காசில் நீர்வேலியில் எத்தனை கல்வீடு எழும்பியது! அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு, விற்கக்கூடாத தோட்டம் என்ற ஒன்றை எந்த மூளை கண்டுபிடித்தது என்று அறிகிற ஆசை வந்தது. குளிர்காலத்தில் தோட்டத்தில் வேலை குறைவு. நூலகம் போய்வந்தேன்.

இங்கிலாந்தின் ஊர்களில் முன்பு எங்கள் தரவை மாதிரிப் பொதுநிலம் இருந்தது. ஏழைக்கு ஒரு மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம், வாத்து விடலாம். பாராளுமன்றம் அதை ஊர் ஊராகச் சட்டம் போட்டு வேலி அடைத்துத் தனியார் சொத்தாக்கியது. 1604 முதல் 1914 வரை அப்படி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள், 68 இலட்சம் ஏக்கர் நிலம். அதிகமாக நடந்தது 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அடுத்த நூறு வருசத்தில். மாட்டை விற்றவன் பெரிய பண்ணைக்காரனிடம் கூலிக்குப் போனான். கூலி காணாதபோது ஊர்ப் பிச்சைப்பணத்துக்குக் கை நீட்டினான்.

வில்ட்ஷயரில் கிரேட் சொமர்ஃபோர்ட் என்றொரு கிராமம். அங்கேயும் வேலி வந்தபோது, ஸ்டீபன் டெமைன்பிரே என்ற பாதிரியார் மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்கே எழுதி, ஊர் ஏழைகளுக்கென்று 6 ஏக்கரை என்றென்றைக்குமாக விட்டுவைக்கக் கேட்டார். கிடைத்தது. 1809இல் தொடங்கிய அந்தத் தோட்டம்தான் நாட்டிலேயே பழைய அலொட்மென்ட் என்கிறார்கள். இன்றும் கொத்துகிறார்கள்.

எல்லாப் பாதிரியும் டெமைன்பிரே அல்ல. 1830இல் தெற்கு இங்கிலாந்தின் கூலிக்காரர்கள் சூடடிக்கும் மெசின்களை உடைத்தார்கள், வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். மிரட்டல் கடிதங்களின் அடியில் 'கப்டன் ஸ்விங்' என்று ஒரு கற்பனைப் பெயர். அதற்குப் பிறகுதான் நிலக்காரருக்கும் பாதிரிமாருக்கும் ஏழைக்குத் துண்டு நிலம் கொடுக்கும் எண்ணம் நன்றாக ஊறியது. கொடுத்த விதத்தைப் பார்க்கவேண்டும். வாடகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொடக்கூடாது, கோயிலுக்குப் போகவேண்டும். களவு வழக்கில் அகப்பட்டால் துண்டு போய்விடும். பல இடங்களில் கலப்பை ஆகாது, மண்வெட்டி மட்டும். பண்ணைக்காரருக்கோ அதுவும் பிடிக்கவில்லை. கூலிக்காரன் தன் துண்டில் உடம்பை முறித்துவிட்டு எங்கள் வயலுக்குச் சோர்ந்துபோய் வருவான் என்று முறையிட்டார்கள்.

ஆகவே அளவு முக்கியம். பிச்சைப்பணம் கேளாத அளவுக்குக் கிழங்கு விளையவேண்டும், கூலிக்கு வரமாட்டேன் என்று சொல்லுமளவுக்கு விளையக்கூடாது. 1845 சட்டம் நிலமில்லாதவருக்கு 'வயல் தோட்டம்' ஒதுக்கச் சொன்னபோது கால் ஏக்கருக்கு மேல் ஆகாது என்று கோடு போட்டது. எங்கள் கணக்கில் நாலு பரப்பு. அதையும் ஒழுங்காய்ச் செய்தார்களா? அதன்கீழ் வேலி அடைத்த 6,15,000 ஏக்கரில் ஏழைத் தோட்டத்துக்குப் போனது 2,200 ஏக்கர். ஆயிரத்துக்கு நாலு கூட இல்லை. அதே காலத்தில் இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கி, ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்க வழி திறந்தது. தோட்டம் என்ற ஒரு சொல்லுக்குள் அவர்களுடைய ஆயிரம் ஏக்கரும் என்னுடைய பத்து ரொட்டும் அடங்கிவிடுகின்றன. எங்கள் மொழிக்கும் சில இடங்களில் வெட்கம் இல்லை.

பிறகு வந்த சட்டங்களை நான் நீட்டப்போவதில்லை. கேட்பவர் இருந்தால் துண்டு கொடுப்பது உள்ளூராட்சியின் கடமை என்று 1887இலும் 1908இலும் வந்தது. அண்ணைக்கு நான் சொன்ன சட்டம் 1922ஆம் ஆண்டினது. 40 போலுக்கு மேற்படாத நிலம், முழுக்கவோ பெரும்பாலுமோ தானும் தன் குடும்பமும் உண்ணும் மரக்கறிக்கும் பழத்துக்கும் என்று அலொட்மென்டுக்கு அது வரைவிலக்கணம் எழுதியது. நாற்பது போல் என்றால் அதே கால் ஏக்கர். 1845இல் போட்ட கோடு அசையவில்லை. மிஞ்சினதைக் கொஞ்சம் கொடுக்கலாம், வியாபாரம் ஆகாது. மனிதன் விவசாயி ஆகிவிடாத அளவு. அண்ணைக்கு இதை விளக்கியபோது, "அப்ப உனக்கு ஏழைக்குக் குடுக்கிற காணிதான் தந்திருக்கிறாங்கள்" என்றார். நான் மறுக்கவில்லை.

என்னுடைய முதல் மாரி முழுவதும் புல்லோடு போனது. இந்த நாட்டில் ஒரு புல் இருக்கிறது, வெள்ளை வேர், நூல் மொத்தம், நுனி ஊசி. எங்கள் கோரையைத் தம்பி என்று கூப்பிடும். ஒரு சாண் வேரை முழுதாய் இழுத்தெடுத்துவிட்டேன் என்று நிமிர்ந்தால் கையில் இருப்பது பாதி. முந்தின ஆள் விட்டுப்போன உருளைக்கிழங்கு ஒன்று முள்ளில் ஏறி வந்தது. அந்த வேர் கிழங்கின் ஒரு பக்கம் நுழைந்து நடுவால் போய் மறுபக்கத்தால் வெளியே வந்து நின்றது, கோழிக்கு ஈர்க்குக் குத்தின மாதிரி. வீட்டுக்குக் கொண்டுபோய் மனிசிக்குக் காட்டினேன். "இதையும் கறிக்குத்தான் தாறியளோ?" என்று கேட்டாள்.

இரண்டாவது பாடம் குளிர். சமையலறை யன்னலில் வளர்த்த மிளகாய்க் கன்று, வெண்டி, பூசணி எல்லாவற்றையும் ஏப்ரல் வெயிலைப் பார்த்து ஏமாந்து வெளியே நட்டேன். கிழவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மே மாதம் இரண்டாம் கிழமை ஒரு இரவு பனி உறைந்தது. விடியப் போனால் வெந்நீர் ஊற்றினது போலக் கருகி மடிந்து கிடந்தன. அப்போதுதான் கிழவர் வாய் திறந்தார்: மே முடியும்வரை மே மாதத்தை நம்பாதே. முன்னமே சொல்லியிருக்கலாமே என்றேன். நீ கேட்கவில்லையே என்றார். இவர்களுடைய மரியாதை அப்படி.

உருளைக்கிழங்குக்கு மட்டும் அவர் நாள் சொன்னார், பெரிய வெள்ளி. அந்தக் காலத்தில் கூலிக்காரனுக்கு லீவு கிடைப்பது அன்றைக்குத்தான், அதனால் அன்றைக்கு நட்டார்கள் என்பது அவர் விளக்கம். பெரிய வெள்ளி சில வருசம் மார்ச்சில் வரும், சில வருசம் ஏப்ரல் கடைசியில் வரும், கிழங்குக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கிழவர் சிரித்தார். ஆனால் அன்றைக்கே நட்டார்.

அவர் அந்தத் துண்டுக்கு இரண்டாம் தலைமுறை. அவருடைய தகப்பன் யுத்தத்தில் எடுத்தது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களைத் தாழ்த்தியபோதெல்லாம் இந்த நாடு அலொட்மென்டைத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறது. முதல் யுத்தத்தின் முடிவில் துண்டுகள் ஏறக்குறைய 15 இலட்சம். இரண்டாம் யுத்தத்தில் திரும்பவும் 14 இலட்சம். லண்டன் கோபுரத்தின் அகழிக்குள் மரக்கறி நட்டார்கள், கென்சிங்டன் பூங்காவில் அல்பர்ட் நினைவுச் சின்னத்தின் காலடியிலும் நட்டார்கள். விவசாய அமைச்சு அச்சடித்துக் கொடுத்த பயிர்த்திட்டம் 90 அடிக்கு 30 அடித் துண்டுக்கு வரைந்தது. ஒரு குடும்பத்துக்கு இன்ன வரிசையில் கோவா, இன்ன வரிசையில் லீக்ஸ், இங்கே கிழங்கு என்று. கணக்குப் பார்த்தால் சரியான பத்து ரொட்டுக்கு இருபத்திரண்டரைச் சதுர அடி குறைவு. இதையும் அண்ணைக்குச் சொன்னேன். "வேலி அரக்கினவங்கள்" என்றார்.

ஞாயிறு பிற்பகல்களில் மிடில்டன் என்பவர் பிபிசியில் தோட்டப் பேச்சுப் பேசுவாராம். அந்த நேரம் வீட்டில் கரண்டிச் சத்தமும் ஆகாதாம். நூறு வருசத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை மண்ணைத் தொட்டால் துண்டு பறிபோன நாடு, ஞாயிற்றுக்கிழமையே வானொலி வைத்துக் கொத்தச் சொன்னது. கிழவர் இதைச் சொன்ன நேரத்தில் நான் ஐயாவின் கூப்பன் காலக் கதையைச் சொன்னேன். 1942இல் பர்மா அரிசி நின்றபோது மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டுச் சாப்பிட்டு, பிறகு சாகும்வரை அவர் அதைத் தொடவில்லை. கிழவரின் தகப்பன் தொடாதது கரட்டாம்.

யுத்தம் முடிந்ததும் ஆட்கள் விட்டுவிட்டுப் போனார்கள். 1960களின் முடிவில் துண்டுகள் ஐந்து இலட்சத்துச் சொச்சமாய்ச் சுருங்கின. பேர்மிங்ஹாம் பேராசிரியர் ஹரி தோர்ப் தலைமையில் 1969இல் வந்த அறிக்கை, தகரக் கொட்டிலும் பழைய கதவுமாய் இருக்கிற இந்த ஏழைக்கோலத்தை மாற்றி 'ஓய்வுத் தோட்டம்' ஆக்கச் சொன்னது. நல்லகாலம், பெரிதாய் ஒன்றும் நடக்கவில்லை. என்னுடைய கொட்டிலும் இரண்டு பழைய கதவுதான். 1970களில் திரும்பவும் ஆசை பிறந்தது, பிறகு எங்களைப் போன்றவர்களும் வந்து சேர்ந்தோம். எங்கள் வளவில் இப்போது பருத்தித்துறை அக்கா ஒருவர் முளைக்கீரை போடுகிறார், சைப்பிரஸ்காரர் திராட்சை ஏற்றியிருக்கிறார், ஜமெய்க்காக்காரர் பூசணியைக் கொட்டிலின் கூரைக்கு விட்டிருக்கிறார்.

தண்ணீருக்கு ஒரு குழாய், பத்துப் பேருக்கு. ஹோஸ் பூட்ட எங்கள் வளவில் அனுமதி இல்லை. ஆடி மாதத்தில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது எனக்கு ஊர்க் கிணற்று முறை ஞாபகம் வரும். பங்குக் கிணற்றில் இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு. அங்கே முறை பிசகினால் வழக்கு, வெட்டு. இங்கே பெருமூச்சு. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி கோழியும் முயலும் வளர்க்கலாம், சேவல் மட்டும் ஆகாது. சட்டத்தில் சேவலைத் தனியாய் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் கிழவரிடம் உண்மையாகவே நெருங்கியது ஒரு மாசி மாதம். அவர் அரை ஆள் ஆழத்துக்குக் கிட்டவாக ஒரு கிடங்கு வெட்டி, பழைய பேப்பர், கோவா இலை, தேத்தண்ணிச் சக்கை எல்லாவற்றையும் போட்டு மூடிக்கொண்டு நின்றார். அதன்மேல் மே மாதம் அவரைக்கு மூங்கில் நடுவாராம். அடியில் ஈரம் நிற்கும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வன்னியிலிருந்து வண்டில் வண்டிலாய் வந்த குழையைக் கிடங்கு வெட்டித் தாழ்க்கிற ஐயாவின் முதுகு மாதிரியே இருந்தது. கைகாட்டி, "இது எங்களுடையது" என்று ஏதோ உளறினேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனால் மற்ற மண்வெட்டியை நீட்டினார்.

மனிசி ஆஸ்பத்திரியில் இருந்த கோடையில் எட்டுக் கிழமை நான் துண்டுக்குப் போகவில்லை. முக்கால் பங்கு நிலம் பயிரில் இருக்கவேண்டும் என்பது விதி, பதினாலு நாளில் திருத்தாவிட்டால் திரும்ப எடுப்போம் என்று அச்சடித்த கடிதம் வந்தது. போய்ப் பார்த்தால் புல்லை முழுக்கச் சுரண்டியிருந்தது. பாதியில் பருத்தித்துறை அக்காவின் கீரை விதை, மற்றப் பாதியில் லீக்ஸ் நாற்று, நூல் பிடித்த நேர்வரிசை. நேர்வரிசை கிழவரின் வேலை.

போன கார்த்திகையில் அவர் போய்ச் சேர்ந்தார். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் இப்போது முழுத்துண்டு யாருக்கும் இல்லை, ஐந்து ரொட்தான். காரியதரிசி டேப்போடு வந்தார், நான் முனையைப் பிடித்தேன். 45 அடியில் நடுக்கட்டை. சுத்தியலால் நாலு அடி போட்டார். எங்கும் இறுகிக்கிடந்த நிலத்தில் அந்தக் கட்டை மட்டும் சதக்கென்று அரை முழம் இறங்கிவிட்டது. அவரைக் கிடங்கு. காரியதரிசி இழுத்தெடுத்து ஒரு அடி தள்ளிக் குத்தினார்.

"எந்தப் பக்கத்துக்கு ஒரு அடி கூட?" என்றார் அண்ணை.