டைசன் தூசு உறிஞ்சி

டைசன் தூசு உறிஞ்சி என்பது இங்கிலாந்தில் 1993-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த, தூசியைச் சேர்க்கும் பை ஏதுமின்றிச் சுழற்காற்றின் விசையாலேயே காற்றையும் தூசியையும் வேறு பிரிக்கும் வாக்குவம் கிளீனர் ஆகும். நார்ஃபோக் மாவட்டத்துக் குரோமர் என்னும் ஊரில் 1947-இல் பிறந்த ஜேம்ஸ் டைசன் அதைச் சிருஷ்டித்தவர். அவர் பெயரே அதற்கும் வழங்குகிறது. விலையுயர்ந்த வீட்டுச் சாதனம் ஒன்று, தனவந்தர் சிலருடைய மாளிகைகளோடு நின்றுவிடாமல், மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்தும் சாதாரண ஜனங்களின் வீடுகளிலும் புகுந்து நிலைபெற இயலுமா என்ற வினாவுக்கு இவ்வியந்திரத்தின் சரித்திரத்தைப் போலத் தெளிவான விடை தருவது வேறொன்று இல்லையாதலால், அதைச் சற்று விஸ்தாரமாகவே இங்கு எழுதுகிறோம்.

வாக்குவம் கிளீனர் பிறந்தபோதே அது சீமான்களின் உடைமையாகத்தான் பிறந்தது. 1901-இல் ஹூபர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர் அமைத்த முதல் யந்திரம் வீட்டுக்குள் நுழையக்கூடியதன்று. குதிரைகள் இழுத்துவந்த வண்டியில் அது தெருவிலேயே நிற்க, நீண்ட குழாய்களை மட்டும் ஜன்னல் வழியே உள்ளே செலுத்திக் கம்பளங்களைச் சுத்தம் செய்தார்கள். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்கள் இவ்வாறே தூய்மை பெற்றன. அதைக் கைக்கு அடங்கிய சாதனமாக்கிய பெருமை, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரக் கடை ஒன்றில் துப்புரவு வேலை பார்த்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்ளர் என்பவரைச் சாரும். ஆஸ்துமாவால் அவதியுற்ற அவர், பெருக்கும்போது எழும் தூசியிலிருந்து தப்பும் பொருட்டு, மின்விசிறி மோட்டார், தலையணை உறை முதலியவற்றைக் கொண்டு ஒரு கருவியைப் பிணைத்து, 1908-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அந்த உரிமையை வாங்கிய தோல்பொருள் வியாபாரி வில்லியம் ஹூவரின் பெயர், பிற்காலத்தில் இங்கிலாந்தில் வீட்டைச் சுத்தம் செய்யும் அச்செயலுக்கே பெயராக வழங்கும் அளவுக்குப் பரவியது. சுவீடன் தேசத்து எலெக்ட்ரோலக்ஸ் 1921-இல் தரையில் வழுக்கிச் செல்லும் நீளுருளை வடிவத்தைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் எழுபது ஆண்டுக் காலம் இந்தச் சாதனத்தில் மோட்டாரும் மேலுறையும் மாறினவேயன்றி, துணியாலோ காகிதத்தாலோ ஆன ஒரு பை காற்றை வடிகட்டித் தூசியைத் தன்னுள் நிறுத்திக்கொள்ளும் அடிப்படை ஏற்பாடு மாறவே இல்லை.

உயர்ந்த விலைக்கு விற்ற கம்பெனிகள் அந்தக் காலத்தில் இல்லாமற் போகவில்லை. ஜெர்மனியில் 1899-இல் தொடங்கி இன்றளவும் ஸ்தாபகர்களின் குடும்பத்தாரிடமே இருந்துவரும் மீலே நிறுவனம், வாங்கியவர் நெடுங்காலம் மாற்ற வேண்டாத உறுதியான யந்திரங்களைச் செய்து, அந்த உறுதிக்குரிய விலையைக் கேட்டு, அதைத் தர மனமுள்ளவர்களோடு திருப்தியடைந்தது. அமெரிக்காவின் கிர்பி நிறுவனமோ கடைகளையே நாடாமல், வீடு தேடிச் சென்று கூடத்தில் கம்பளத்தை விரித்துச் செயல்முறையில் காட்டி விற்கும் பிரதிநிதிகளை நம்பி வளர்ந்தது. 1986 முதல் 2021 வரை அது வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாதவே குழுமத்தைச் சேர்ந்திருந்தது. இவ்விரண்டும் நஷ்டப்பட்டவை அல்ல. சிறிய வட்டத்துக்குள் கௌரவமாகவும் லாபகரமாகவும் வாழலாம் என்பதற்குச் சான்றாக நிற்பவை. ஆயினும் அந்த வட்டத்துக்கு வெளியே உள்ள பெருந்திரளான குடும்பங்கள் ஏன் மலிவான யந்திரத்தோடு அமைந்துவிட்டன என்பதை அவை ஆராயப் புகவில்லை. டைசன் அதை ஆராய்ந்தார் என்று சொல்வதைவிட, தம் வீட்டு யந்திரத்தின்மேல் கொண்ட கோபத்தால் அந்த ஆராய்ச்சிக்குள் தள்ளப்பட்டார் என்பதே பொருந்தும்.

1978-ஆம் ஆண்டளவில் தம் வீட்டிலிருந்த ஹூவர் யந்திரம் தூசியை இழுக்கும் சக்தி குன்றியிருப்பதைக் கண்டு அதன் பையைப் பிரித்துப் பார்த்த அவர், பை நிறைவதற்கு வெகு முன்பே அதன் நுண்துளைகளை மெல்லிய தூசி அடைத்துவிடுவதால் காற்றோட்டம் தடைப்படுகிறது என்ற உண்மையை உணர்ந்தார். அச்சமயம் அவர் சக்கரத்துக்குப் பதில் பந்து பொருத்திய தள்ளுவண்டிகளைச் செய்யும் சிறு தொழிற்சாலையை நடத்திவந்தார். அங்கே வர்ணப் பொடி தெளிக்கும் இடத்திலிருந்த வடிதுணியும் இதே போல் அடைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்தது. மரம் அறுக்கும் ஆலைகளில் மரத்தூளைக் காற்றிலிருந்து பிரிக்க வைத்திருக்கும் உயரமான கூம்புக் கோபுரத்தைப் பார்த்து, அதே மாதிரியில் ஏறக்குறைய 30 அடி உயரத்துக்கு ஒன்றைத் தம் தொழிற்சாலையில் எழுப்பி அந்தக் கஷ்டத்தைத் தீர்த்த அவருக்கு, அதையே வீட்டு யந்திரத்துக்குள் அடங்கும்படி சுருக்கினால் என்ன என்ற எண்ணம் உதித்தது. அன்றிரவே அட்டையை வெட்டி, ஒட்டுநாடாவால் சுற்றி, ஒரு கூம்பு செய்து பழைய யந்திரத்தில் பொருத்தி வீட்டைப் பெருக்கிப் பார்த்தார் என்பது அவரே பலமுறை விவரித்துள்ள செய்தி.

இந்தக் கூம்பு வேலை செய்யும் விதம் எளிது. தூசி நிறைந்த காற்று கூம்பின் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் உட்புகுந்து சுழலத் தொடங்குகிறது. கீழே போகப் போகக் கூம்பு குறுகுவதால் சுழற்சியின் வேகம் பெருகுகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றிய கல் கையைவிட்டு வெளியே பாய முற்படுவதைப் போல, கனமுள்ள தூசித் துகள்கள் சுவரை நோக்கி எறியப்பட்டு, அதைத் தழுவிக் கீழே இறங்கிப் பாத்திரத்தில் விழுகின்றன. லேசான காற்றோ நடுவே மேலெழுந்து வெளியேறுகிறது. அடைபடுவதற்குத் துணி ஏதும் நடுவில் இல்லையாதலால் இழுவிசை குறைவதில்லை. தத்துவம் இவ்வளவு எளிதாயினும், முடியும் நூலும் ஒரு வகையாகவும், மாவைப் போன்ற நுண்பொடி வேறு வகையாகவும் நடந்துகொள்வதால், இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் வடிவத்தைக் கண்டுபிடிப்பதற்கு அவருக்கு 5,127 மாதிரிகள் தேவைப்பட்டன. 1979 தொடங்கி ஐந்து ஆண்டுகள், ஒரு சமயத்தில் ஒரே ஓர் அம்சத்தை மட்டும் மாற்றிப் பரிசோதிப்பதென்ற நியமத்தோடு, வீட்டை அடுத்த கொட்டகையில் அவர் உழைத்தார். அவருடைய மனைவி டெயர்டிரே ஓவியம் கற்பித்துச் சம்பாதித்த பணமும், முன்னாள் எஜமானரான ஜெரமி ஃபிரையின் முதலீடும், மேன்மேலும் ஏறிய கடனும் அந்த ஆண்டுகளைத் தாங்கின. கடைசியில் வெளிப்புறம் உருளையாக ஒரு சுழற்கூடும், அதனுள் கூம்பாக மற்றொரு சுழற்கூடும் அமைந்த இரட்டை ஏற்பாடே வெற்றி தந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர் ஐரோப்பாவின் பெரிய கம்பெனிகளின் வாசற்படிகள் எல்லாம் ஏறி இறங்கினார். ஹூவர், எலெக்ட்ரோலக்ஸ் உட்பட எவரும் ஏற்கவில்லை. மாற்றுப் பைகளின் விற்பனை ஆண்டுதோறும் தவறாது வரும் வருமானமாதலின், பையை ஒழிக்கும் யந்திரம் அந்த வருமானத்தையும் ஒழித்துவிடும் என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். கிளீனீஸ் என்னும் நேர்முக விற்பனைக் கம்பெனியின் மூலம் 1983-இல் சில நூறு யந்திரங்கள் மட்டும் விற்பனையாகி அந்த முயற்சி நின்றுபோயிற்று. பிறகு ஜப்பானின் ஏபெக்ஸ் நிறுவனம் உரிமை பெற்று 1986-இல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஜி-ஃபோர்ஸ் என்ற பெயரோடு வெளியிட்டது. ஏறக்குறைய 2,000 டாலர் விலையில், அந்தஸ்தைக் காட்டும் பொருளாக, மிகச் சிலரின் கைக்கே அது போய்ச் சேர்ந்தது. கதை அங்கேயே முடிந்திருந்தால், அழகுப் பொருள்களின் வரலாற்றில் ஒரு சிறு குறிப்பாகவே டைசன் எஞ்சியிருப்பார்.

ஆனால் ஜப்பானிலிருந்து வந்த உரிமைத் தொகையையும், வீட்டை அடமானம் வைத்துப் பெற்ற வங்கிக் கடனையும் மூலதனமாகக் கொண்டு அவர் தாமே உற்பத்தியில் இறங்கினார். 1993-இல் சிப்பன்ஹாம் நகரில் தொழிற்சாலை திறந்து, டி.சி.01 என்ற பெயரில் சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறத்தில், ஏறக்குறைய 200 பவுன் விலையில் யந்திரத்தை வெளியிட்டார். அக்காலத்து யந்திரங்களோடு ஒப்பிட இது மிகப் பெரிய விலை. அஞ்சல்வழி விற்கும் பட்டியல்களில் முதலில் இடம் பிடித்து, பிறகு மின்சாதனக் கடைகளுக்கு வந்த அது, பதினெட்டு மாதங்களுக்குள் பிரிட்டனில் யாவற்றினும் அதிகமாக விற்கும் வாக்குவம் கிளீனர் ஆகிவிட்டது.

இந்த வெற்றிக்கு விளம்பரத்தைக் காரணமாகச் சொல்வாரும் உளர். பையை இனி வாங்க வேண்டியதில்லை என்று சுருக்கமாகச் சொன்ன விளம்பரத்தின் வன்மையை மறுப்பதற்கில்லை. எனினும், உண்மைக் காரணம் தூசி விழும் பாத்திரம் கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் அமைந்திருந்ததே என்பது எம் துணிபு. அழுக்கை யாரும் பார்க்க விரும்பமாட்டார்கள், அதை மூடிவிடுங்கள் என்று வியாபாரிகளும் சந்தை ஆராய்ச்சியாளர்களும் வற்புறுத்தினார்கள். டைசனும் அவருடன் உழைத்த இளம் எஞ்சினீயர்களும் இணங்க மறுத்தார்கள். அதன் பயனாக, சுத்தம் என்று எண்ணியிருந்த கம்பளத்தின்மேல் ஒரு தடவை ஓட்டியவுடன் சாம்பல் நிறப் பொடியும் முடிக்கற்றையும் கண்ணெதிரே சுழன்று குவிவதை இல்லத்தரசி பார்த்தாள். அண்டை வீட்டாரைக் கூப்பிட்டும் காட்டினாள். கிர்பியின் விற்பனையாளர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் செலவிட்டு நிரூபிக்க வேண்டியதை, இந்த யந்திரம் விற்பனையாளர் யாருமின்றித் தானே பிரத்தியட்சமாக நிரூபித்தது. உயர்ந்த விலை கேட்கும் பொருள் தன் உயர்வை வாங்குபவரின் கண்ணுக்குக் காட்ட வல்லதாயின், சிறு வட்டத்தின் வேலி அதைத் தடுப்பதில்லை. பை வாங்கும் செலவு ஆண்டுதோறும் மிச்சம் என்ற கணக்கும் அதற்குத் துணை நின்றது.

ஹூவரின் நிலை அவ்வேளையில் பரிதாபமானது. 1992-இல் 100 பவுனுக்குப் பொருள் வாங்குவோருக்கு இலவச விமான டிக்கெட் தருவதாக அறிவித்துப் பெரும் நஷ்டத்தில் வீழ்ந்திருந்த அக்கம்பெனி, பின்னர்த் தானும் பையில்லா யந்திரத்தைச் செய்ய முற்பட்டது. காப்புரிமையை மீறியதாக டைசன் தொடுத்த வழக்கில் 2000-ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002-இல் 40 லட்சம் பவுன் நஷ்ட ஈடாகக் கிடைத்தது. அதே 2002-இல் யந்திரம் அமெரிக்காவுக்குச் சென்று, மூன்று ஆண்டுகளில் விற்பனைப் பணத்தின் அளவில் அங்கு முதலிடம் பெற்றது. எண்ணிக்கையில் மலிவான யந்திரங்களே அதிகம் விற்றன. ஆகவே டைசனின் வெற்றியைப் பேசும்போது இந்த இரு கணக்குகளையும் வேறுபடுத்திப் பார்த்தல் அவசியம். 2002-ஆம் ஆண்டிலேயே உற்பத்தி மலேசியாவுக்கு மாற்றப்பட்டு, இங்கிலாந்தில் மாம்ஸ்பரி என்னும் சிற்றூரில் இருந்த டைசன் தொழிற்சாலையில் ஏறக்குறைய 800 பேர் வேலையிழந்தார்கள். உள்நாட்டு உற்பத்தியின் பெருமையைப் பேசிவந்த நிறுவனம் இவ்வாறு செய்தது அந்தச் சிற்றூருக்குப் பெருந்துயரம். அதைக் குறிப்பிடாமல் இவ்வெற்றியை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

அந்த வெற்றி எல்லாப் பொருளுக்கும் பொருந்தவில்லை என்பதற்கு 2000-இல் வந்த டைசன் சலவை யந்திரம் உதாரணம். எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரட்டை உருளைகளால் துணியைக் கையால் கசக்குவது போல் வெளுத்த அது, விலை மிகுந்திருந்தும் தயாரிப்புச் செலவுக்கே ஈடு கொடுக்காமல் 2005-இல் நின்றுவிட்டது. வெளுத்த துணி எந்த யந்திரத்தில் வெளுத்ததென்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை அல்லவா? 2017-இல் அறிவித்த மின்சாரக் கார்த் திட்டமும் இரண்டு ஆண்டுகளில் கைவிடப்பட்டது.

பிற்காலத்தில் கம்பெனியின் கவனம் சுழற்கூம்பிலிருந்து மோட்டாருக்கு மாறியது. நிமிடத்துக்கு 125,000 சுற்றுச் சுழலும் சிறு மோட்டாரைக் கொண்ட வி10 என்னும் கம்பியற்ற மாதிரி 2018-இல் வந்தபோது, இனிக் கம்பியுள்ள யந்திரங்களை வடிவமைப்பதில்லை என்று டைசன் அறிவித்தார். ஐரோப்பிய ஒன்றியம் வாக்குவம் கிளீனர்களுக்கு ஒட்டச் செய்த மின்சிக்கன முத்திரை, தூசி சிறிதும் சேராத காலி யந்திரத்தைச் சோதித்துத் தரப்படுகிறது என்று அவர் தொடுத்த வழக்கும் அதே ஆண்டு வெற்றி பெற்றது. நாற்பதாண்டுகளுக்கு முன் பையைப் பிரித்துப் பார்த்துக் கண்ட குறையையே அவர் நீதிமன்றத்திலும் வாதாடினார் எனலாம். இதற்கிடையில் அமெரிக்காவில் ஷார்க் நிறுவனம் ஏறக்குறைய அதே வசதிகளைக் குறைந்த விலையில் தந்து சந்தையில் பெரும் பங்கைக் கைப்பற்றியது. காப்புரிமைகள் காலாவதியானபின், பையில்லா ஏற்பாடு எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

இந்தியாவுக்கு டைசன் 2018-இல் வந்தது. இந்நாட்டில் வாக்குவம் கிளீனரை முன்பே பரவச் செய்தது 1982-இல் தோன்றிய யுரேகா ஃபோர்ப்ஸ். கழுத்தில் டை கட்டிய அதன் பிரதிநிதிகள் வீடு வீடாக ஏறிக் காட்டியும், விளக்குமாறும் ஈரத்துணியும் ஆட்சி செய்த இல்லங்களில் அது வேரூன்றக் காலம் பிடித்தது. மேல்நாட்டு யந்திரம் கம்பளத்துக்கென்று பிறந்தது; நம்மவர் வீடுகளிலோ மொசைக்கும் டைல்ஸும் பதித்த தரையே மிகுதி, அதில் விழுந்த தூசி விளக்குமாற்றுக்கே எளிதில் அகப்பட்டுவிடும். பெருக்கித் துடைக்கும் வேலைக்காரம்மாளின் கூலி குறைவாக இருக்கும் வரையில், இவ்வளவு விலை கொடுத்து யந்திரம் வாங்கக் குடும்பத் தலைவர்கள் தயங்குவதும் இயல்பே. கெட்டியான தரைக்கென மிருதுவான உருளைத் தூரிகையும், 2021-இல் வெளிவந்த மாதிரியில் தரையில் பச்சை ஒளியைப் பாய்ச்சிக் கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசியைக் காட்டும் லேசர் விளக்கும் இத்தகைய வீடுகளுக்கு ஏற்றவை. அவை வந்த பின்னும், நம் நாட்டில் டைசன் பெருநகரங்களின் வசதி படைத்தோர் வீடுகளையே பெரிதும் சார்ந்து நிற்கிறது. பிரிட்டனில் 1995-ஆம் ஆண்டுக்குள் அது கடந்த எல்லையை இங்கு இன்னும் கடக்கவில்லை.