சுண்டும் கோப்பையும்

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் அரிசிக்கு அளவு சுண்டு. பெரும்பாலும் அது வெறுமையான ரின்பால் பேணிதான். நாலு சுண்டு ஒரு கொத்து. அந்தக் கொத்து அரசியலையும் கண்டது. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற, ஓகஸ்ட் 12இல் இலங்கை ஹர்த்தாலில் இறங்கியது.

புலம்பெயர்ந்த இடங்களில் எமக்குக் கோப்பை வாய்த்தது. தலை வழித்து மட்டமாக அளக்கும் முறையைப் பரவலாக்கியது, ஃபனி ஃபாமர் 1896இல் பொஸ்டனில் வெளியிட்ட சமையல் நூல். அமெரிக்கக் கோப்பை ஏறத்தாழ 237 மில்லிலீற்றர். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 250. ரின்பால் பேணியோ 300 அளவில் கொள்ளும். அரிசியையும் தண்ணீரையும் ஒரே பாத்திரத்தால் அளக்கும்வரை சோற்றுக்குப் பழுதில்லை. அரிசியைப் பேணியாலும் தண்ணீரைக் கோப்பையாலும் அளந்த நாட்களில்தான் விறைத்த சோறு தின்றோம்.

இந்தக் கணக்கை விரைவில் பழகிக்கொண்டோம். மற்றக் கணக்குத்தான் பிடிபடவில்லை. "எத்தனை சுண்டு போட?" என்று அம்மா கேட்டால், இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று பொருள். ஒரு கொத்து உலையிலிட்ட வீட்டுப் பிள்ளைகள் நாம். இன்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாட்டில் அரைக் கோப்பை அரிசி கழுவுகிறோம்.