பாலூட்டும் தாயின் பங்கு

நாட்டுச் சரித்திரம் என்றவுடன் நம்மவர்க்கு அரசரும் போரும் கோட்டையுமே நினைவிற்கு வருகின்றன. அடுப்பங்கரைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதியமான் ஆண்ட தகடூராகிய நம் தருமபுரியில், பிள்ளை பெற்ற தாய் எதை உண்டாள், எவ்வளவு உண்டாள் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சேலம் ஜில்லாவின் பகுதியாயிருந்து 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி தனி ஜில்லாவான இந்நாடு, பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கேழ்வரகும் சாமையுமே நம் முன்னோரைக் காத்தன. கேழ்வரகு ஆயிரக்கணக்கான ஆண்டுகட்கு முன் ஆப்பிரிக்காவினின்று வந்தது. நிலக்கடலை தென் அமெரிக்காவினின்று வந்தது. எள் நம் தேசத்ததே. இம்மூன்றும் வெல்லத்தோடு நம் வீட்டு உரலில் கூடிப் பிறந்த பண்டமே சிமிலி.

இதனைச் செய்வது எளிது. கேழ்வரகு மாவைச் சிறிது உப்பிட்டுப் பிசைந்து, அடையாகத் தட்டி நன்கு வேகவைத்து, ஆறியபின் பிய்த்து, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை, வறுத்த எள், வெல்லம் ஆகியவற்றுடன் இடித்து உருண்டை பிடிக்க வேண்டும். இரவில் குழந்தை அழுதெழும்போது அடுப்பு மூட்டாமலே தாய் எடுத்துண்ணக்கூடிய பலகாரம் இது. அன்றன்று செய்து, மறுநாளைக்குள் உண்பது நலம்.

முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரி வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-இல் வகுத்த அளவு. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 360 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய அரிசியிலோ பத்து மில்லிகிராமும் இல்லை. கடலையும் எள்ளும் புரதமும் கொழுப்பும் தருவன.

இவ்வளவு என்னும் கணக்கு நம் நாட்டில் ஒருகால் உயிர்ப் பிரச்சினையாயிற்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவையும் கொடிதாகத் தாக்கியது. இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாய் வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம், தானியமும் சிறிது காசும் போதுமென 1877-இல் விதித்தார். பெண்டிர்க்கு அதனினும் குறைவு. மாகாணச் சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ், வெறுந் தானியத்தால் உடல் நில்லாதென வன்மையாக வாதாடினார். அவ்வாண்டிலேயே படி உயர்த்தப்பட்டது; அதற்குள் மாண்டவரோ எண்ணற்றவர்.

அன்பர்களே! அரசாங்கம் அன்று செய்த பிழையை இன்று நம் வீட்டில் நாமே செய்யலாமா? எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சிய சோற்றையும் ரசத்தையும் உண்பவள் பாலூட்டும் தாயாயின், அவள் உண்பது பஞ்சப்படியே யன்றோ? பத்தியமென்னும் பேரால் காயும் பருப்பும் நீரும் விலக்குவதும், சீம்பாலைக் கெட்டதென்று பீய்ச்சி எறிவதும் முன்னோர் வழக்கென்று சொல்லித் தொடரத்தக்கன அல்ல. முன்னோர் செய்தவற்றில் நன்றைக் கொண்டு தீதை விடுதலே அறிவுடைமை. சீம்பாலே குழந்தைக்கு முதற் காப்பு என்பதை மருத்துவர் யாவரும் ஒப்புவர்.

கேழ்வரகு ஏழையின் உணவென்று நாணி, விலையுயர்ந்த டப்பா மாவுகளைத் தேடுவோரும் நம்மில் உளர். அப்பணத்தில் கடலையும் எள்ளும் வாங்கலாம். மகளைப் பிரசவத்திற்கு அழைத்துவரும் தாய்வீட்டாரும், அவளைத் திரும்ப ஏற்கும் கணவன் வீட்டாரும் சிமிலி உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் இட்டு, இது அவளுடைய பங்கு என்று தனியே வைப்பாராக. அதை இடித்துக் கொடுக்கும் கை கணவனுடையதாயின் இன்னும் நன்று. தாய் வயிறு நிறைந்தால் குலம் தழைக்கும்.