பப்பாளிப் பாலும் செரிமான மாத்திரையும்

ஆலங்குளம் பக்கம் வயிறு உப்பினால் வீட்டில் ஓமத் தண்ணீர்தான். நாற்பதைத் தாண்டியவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கருப்பு மாத்திரைக்கோ கடல் கடந்த பூர்வீகம்.

1894-இல் ஜப்பானியரான தகாமினே, கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து, மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதியைப் பிரித்து அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இந்திய மாத்திரைகளில் அவ்வகை நொதியோடு பப்பாளிப் பாலிலுள்ள நொதியான பப்பைனும் சேர்ந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் பப்பைனுக்கென்றே 1985-இல் கோ-5 பப்பாளியை வெளியிட்டது. காலையில் பச்சைக் காயை லேசாகக் கீறினால் பால் சொட்டும். ஏந்தி உலர்த்த வேண்டியதுதான். எவ்வளவு பொறுமையான வேலை!

கணையச் சுரப்பு குறைந்தவர்களுக்கு விலங்குக் கணையத்து நொதி பெரிய துணை. எரிச்சல் குடல் நோய்க்கு (IBS) நொதி மாத்திரை உதவும் என்பதற்கு இன்னும் வலுவான சான்றில்லை. எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் கண்டாலோ மாத்திரையை நம்பி நாள் கடத்துவது ஆபத்து.